ஷாட்டோ கையார்: இந்தக் கோட்டை விழுந்த வழியாவே நடந்து பாருங்க

பாரிஸ்லேர்ந்து ரூவான் போற பக்கம், ரோட்டுல சுமார் 100 கிலோமீட்டர் போனா லெஸ் ஆந்தெலின்னு ஒரு சின்ன ஊர் வரும். செய்ன் ஆறு அங்க பெருசா ஒரு வளைவு எடுக்குது, வளைவுக்கு மேல வெள்ளைவெளேர்னு சுண்ணாம்புப் பாறை, அதோட உச்சியில பாதி இடிஞ்சு நிக்குது ஷாட்டோ கையார். இங்கிலாந்து ராஜா முதலாம் ரிச்சர்ட், லயன்ஹார்ட்னு சொல்வாங்களே அவரு, கட்டின கோட்டை. வர்றவங்கள்ல நிறைய பேரு கீழ ஊர்லேர்ந்து மூச்சு வாங்க ஏறி, நேரா நடு டவர்கிட்ட போய் நின்னு, ஆத்தோட வளைவு தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துட்டு இறங்கிடுறாங்க. வியூ அப்படி, தப்பு சொல்ல முடியாது. ஆனா 1204ல பிரெஞ்சுப் படைகிட்ட கோட்டை விழுந்த சண்டையில அந்த டவர்தான் உதவாத இடம், கதை முழுக்க அதுக்கு வெளியில, யாரும் எட்டிப் பாக்காத குட்டிச்சுவருலயும் புல் மூடின பள்ளத்துலயும் சரிவுலயும் கிடக்கு. அதனால இந்த இடத்தை எதிரி வந்த வரிசையிலயே, வெளியிலேர்ந்து உள்ள நடந்து பாக்கணும்னு நான் பாக்குறவங்க கிட்டல்லாம் சொல்றேன். அப்பதான் ஒவ்வொரு கல்லும் ஏன் அங்க இருக்குன்னு புரியும்.

முதல்ல, ஏன் இந்த இடம்? ரிச்சர்டுக்கு இங்கிலாந்து மட்டும் இல்ல, பிரான்ஸோட வடக்குல இந்தக் கோட்டை இருக்குற நார்மண்டியும் அவரோடதுதான். சிலுவைப்போர் முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வரும்போது 1192 டிசம்பர்ல ஆஸ்திரியாவுல மாட்டிக்கிட்டாரு, பெரிய பணயத்தொகை கட்டி வெளிய வர 1194 பிப்ரவரி ஆயிடுச்சு. அந்த கேப்ல பிரான்ஸ் ராஜா ரெண்டாம் பிலிப் சும்மா இருப்பாரா, நார்மண்டி எல்லையில இருக்குற ஜிஸோர் கோட்டையையும் சுத்துப்பட்டு நிலத்தையும் எடுத்துக்கிட்டாரு. ஜிஸோர் போனதுன்னா நார்மண்டியோட வாசக்கதவு போன மாதிரிதான், பிலிப் படை ஆத்தோட கரையைப் பிடிச்சுட்டு வந்தா நேரா தலைநகர் ரூவான்தான். 1196 ஜனவரியில ரெண்டு பேருக்கும் ஒரு ஒப்பந்தம் ஆச்சு, அதுல ஆந்தெலியில யாரும் கோட்டை கட்டக் கூடாதுன்னு தெளிவா ஒரு நிபந்தனையே உண்டு. அதாவது அந்தப் பாறையோட மதிப்பு ரெண்டு ராஜாவுக்குமே நல்லா தெரியும். அதே வருஷம் ரிச்சர்ட் அங்க வேலையை ஆரம்பிச்சுட்டாரு.

இதுல இன்னொரு சிக்கல், அந்த நிலம் அவரோடதே கிடையாது, ரூவான் ஆர்ச்பிஷப் வால்ட்டரோட பண்ணை. அதுவும் ஆர்ச்பிஷப்புக்கு நல்ல வருமானம் தர்ற பண்ணை, விக்க மாட்டேன்னுட்டாரு. ராஜா கேக்காம எடுத்துக்கிட்டாரு. ஆர்ச்பிஷப் நார்மண்டி முழுக்க சர்ச் சடங்குகளையே நிறுத்திட்டாரு, செத்தவங்களை முறைப்படி அடக்கம் பண்ண முடியாம ஊர் தெருவுல பிணம் கிடந்துச்சுன்னு அந்தக் காலத்து ஆளுங்க எழுதி வெச்சிருக்காங்க. ரெண்டு பெரிய மனுஷங்க சண்டையில தெருவுல கிடந்தது யாரோ வீட்டுப் பிணம், இதை மனசுல வெச்சுக்கங்க, இந்தக் கோட்டையில இதே மாதிரி ஒண்ணு இன்னும் பெருசா நடக்கப் போகுது. கடைசியில போப் வரைக்கும் பஞ்சாயத்து போய், 1197 அக்டோபர்ல ரிச்சர்ட் பதிலுக்கு தியெப் துறைமுகத்தையும் இன்னும் சில சொத்துக்களையும் ஆர்ச்பிஷப்புக்குக் குடுத்து விவகாரத்தை முடிச்சாரு. ஒரு பாறைக்கு ஒரு துறைமுகத்தைக் குடுக்குறாருன்னா அந்தப் பாறை அவருக்கு எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க.

கட்டின வேகம்தான் ஆச்சரியம். 1196லேர்ந்து 1198, ரெண்டே வருஷம். கோட்டை, கீழ புதுசா ஒரு ஊர், ஆத்துக்கு நடுவுல இருக்குற தீவுல ஒரு சின்ன கோட்டை, பாலம், ஆத்துக்குக் குறுக்க மரக்கம்பு நட்டு ஒரு தடுப்பு, எல்லாம் சேத்து செலவு ஏறக்குறைய 12,000 பவுண்டு. தன்னோட ஆட்சிக்காலம் முழுக்க இங்கிலாந்துல இருக்குற எல்லாக் கோட்டைக்கும் சேத்து அவரு செலவு பண்ணது 7,000 பவுண்டு அளவுக்குத்தான். கணக்கு ஏடுங்க இன்னும் இருக்கு, கல் வெட்டுறவன், கல் செதுக்குறவன், சுண்ணாம்பு சுடுறவன், தச்சன், கொல்லன், பாறையைக் குடைஞ்சு அகழி தோண்டுறவன், தண்ணி சுமக்குறவன், வண்டிக்காரன், வேலையாளுங்களுக்குக் காவல் நிக்குற சிப்பாய்னு ஒவ்வொரு கூட்டத்துக்கும் குடுத்த கூலி தனித்தனியா எழுதியிருக்கு. ஆனா டிசைன் பண்ண தலைமை மேஸ்திரின்னு ஒருத்தர் பேரு எங்கயும் கிடையாது. அதனாலயும், ராஜா அடிக்கடி அங்கயே வந்து தங்கினதாலயும், பிளானே ரிச்சர்டோடதா இருக்கும்னு பல ஆராய்ச்சியாளருங்க நினைக்கிறாங்க. பாலஸ்தீனத்துப் பக்கம் முற்றுகை போட்டும், அங்க இருக்குற பெரிய கோட்டைகளைப் பாத்தும் வந்த ஆளு, நம்புற மாதிரிதான் இருக்கு.

இப்ப நடப்போம். கார்ல போனா கோட்டைக்குத் தென்கிழக்கால, மேட்டுமேல இருக்குற பார்க்கிங்ல நிறுத்துங்க, கீழ ஊர்லேர்ந்து ஏறி வந்தாலும் முதல்ல இந்தப் பக்கம் சுத்தி வந்துடுங்க. இங்க நின்னு பாத்தா ஒரு விஷயம் உடனே கண்ணுல படும், நாம நிக்கிற மேடு கோட்டையை விட உசரம். மத்த மூணு பக்கமும் செங்குத்தா சரிவு, ஆறு, பள்ளத்தாக்கு. இந்த ஒரு பக்கம் மட்டும்தான் பாறை ஒரு குறுகலான கழுத்து மாதிரி பெரிய மேட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கு. எவன் வந்தாலும் இப்படித்தான் வரணும். பிளான் மொத்தமும் இந்த ஒரு பலவீனத்துக்குச் சொன்ன பதில்தான்.

அந்தக் கழுத்துக்கு நேரா முதல்ல ஒரு முக்கோண வெளிக்கோட்டை, முனை எதிரியைப் பாத்து, அஞ்சு டவர். இதுக்கும் அடுத்த மதிலுக்கும் நடுவுல பாறையிலயே வெட்டின ஆழமான அகழி, அதாவது இது போனாலும் மத்தது போகாதபடி தனித்தீவா நிக்கிற கோட்டை. அதைத் தாண்டி நடு முற்றம். அதுக்குள்ள இன்னொரு அகழி, இன்னொரு மதில், அதுக்குள்ள டவர். எதிரி ஒவ்வொண்ணா உடைச்சுட்டு வரணும், ஒவ்வொரு தடவையும் புதுசா ஆரம்பிக்கணும்.

உள்மதிலை மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்து, பக்கத்துல போய் கையை வெச்சுப் பாருங்க. நேர் சுவரே கிடையாது. வயிறு பெருத்த பானைங்களை வரிசையா ஒட்டி அடுக்கி வெச்ச மாதிரி மதில் நெடுக புடைச்சு புடைச்சு வருது. கவண்லேர்ந்து, அதாவது கல்லு எறியிற பெரிய எந்திரத்துலேர்ந்து, வர்ற கல்லு தட்டையான சுவர்ல பட்டா முழு அடியும் உள்ள இறங்கும், வளைவுல பட்டா சறுக்கிட்டுப் போகும். அதோட மதிலோட அடிவாரத்துல எதிரி ஒளிஞ்சுக்க ஒரு மூலை கிடைக்காது, எந்த வளைவுல நின்னாலும் இன்னொரு வளைவுலேர்ந்து அம்பு வரும். டவரும் அப்படித்தான், முழு வட்டம் இல்ல, எதிரி வர்ற பக்கம் பாத்து கூரா ஒரு மூக்கு. டவரோட வெளிச்சுவர்ல கீழ ஒல்லியா தொடங்கி மேல போகப்போக அகலமாகுற கல் முட்டுங்க தெரியும், அதுங்க மேல முன்ன ஒரு நடைமேடை இருந்துச்சு, அதோட தரையில இருந்த ஓட்டை வழியா நேரா கீழ கல்லு போடலாம். மேற்கு ஐரோப்பாவுல இதைக் கல்லுலயே கட்டினதுல இது ரொம்ப முந்தினது. உச்சி இடிஞ்சு போனதால இப்ப அந்த முட்டுங்களை வெச்சு மனசுலதான் கட்டிப் பாக்கணும்.

இவ்வளவும் இருந்தும் கோட்டை கட்டி ஆறே வருஷத்துல விழுந்துச்சு. ரிச்சர்ட் 1199 ஏப்ரல் 6ஆம் தேதி, ஷாலூன்னு ஒரு சின்ன கோட்டை முற்றுகையில பட்ட அம்புக் காயத்தால செத்துட்டாரு. தம்பி ஜான் ராஜா ஆனாரு. 1203 ஆகஸ்ட்ல பிலிப் படையோட வந்து சேந்தாரு. கோட்டைக்குள்ள ரோஜர் டி லேசின்னு ஒரு தளபதி, விட்டுக்குடுக்காத ஆளு.

பிலிப் முதல்ல கை வெச்சது பாறை மேல இல்ல, தண்ணியில. நீச்சல் தெரிஞ்ச ஆளுங்க கோடாலியோட இறங்கி, தீவுலேர்ந்து அம்பும் கல்லும் மழையா வர வர ஆத்துக்குக் குறுக்க இருந்த கம்புத் தடுப்பை வெட்டி வழி பண்ணாங்க. அப்புறம் படகுங்களை வரிசையா கட்டி ஒரு மிதக்குற பாலம். இதை உடைக்க ஜான் ஒரு ராத்திரித் தாக்குதல் பிளான் பண்ணாரு, வில்லியம் மார்ஷல்னு ஒரு பிரபு தலைமையில கரை வழியா ஒரு படை, ஆத்து வழியா சாப்பாட்டுச் சாமானோட படகுங்க, ரெண்டும் ஒரே நேரத்துல வந்து அடிக்கணும். கரைப்படை நேரத்துக்கு வந்துடுச்சு, பிரெஞ்சுக்காரங்களைக் கலைச்சும் விட்டுடுச்சு. படகுங்க ஆத்தோட ஓட்டத்தை எதிர்த்து வர லேட்டாயிடுச்சு. பிரெஞ்சுப் படை சுதாரிச்சு முதல்ல கரைப்படையை விரட்டிட்டு, விடியும்போது வந்த படகுங்களையும் அடிச்சு ஒடச்சுது. அதுக்கப்புறம் கோபேர்னு மான்ட் ஊர்க்காரர் ஒருத்தர் மூடின சட்டியில நெருப்பை வெச்சு இழுத்துக்கிட்டே நீந்திப் போய் தீவுக்கோட்டையோட மரவேலிக்குத் தீ வெச்சாரு. தீவு போச்சு. கீழ இருந்த புது ஊரும் போச்சு. ஜான் அந்த டிசம்பர்ல இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிட்டாரு.

இனிமே சொல்லப் போறதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த இடத்தோட உண்மையான வரலாறு. ஊர் போனப்ப ஊர் ஜனங்க எங்க போவாங்க, மேல கோட்டைக்குத்தான் ஓடினாங்க. ஆயிரத்துக்கும் மேல. ரிச்சர்ட் கூப்பிட்டு குடி வெச்ச ஊரு, ராஜாவோட கோட்டை காப்பாத்தும்னு நம்பி வந்த ஜனம். ஆனா தளபதி டி லேசி கணக்கு போட்டாரு, இருக்குற தானியம் சிப்பாய்ங்களுக்கு மட்டும்னா நிறைய மாசம் வரும், இத்தனை வாயும் சேந்தா வராது. 500 பேர வெளிய அனுப்பினாரு, வயசானவங்க, முடியாதவங்க. பிரெஞ்சுப் படை இரக்கப்பட்டு வழி விட்டுது. இன்னொரு 500 பேரு, அவங்களும் தப்பிச்சாங்க. அப்ப பிலிப் அங்க இல்ல, விஷயம் காதுக்குப் போனதும் இனி ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு போட்டாரு, ஏன்னா உள்ள சாப்பாடு சீக்கிரம் தீரணும், அதுக்கு அந்த வாயெல்லாம் உள்ளயே இருக்கணும். அடுத்த கூட்டத்தை டி லேசி வெளிய அனுப்புறாரு, பிரெஞ்சுக்காரங்க அம்பு விடுறாங்க, திரும்பி ஓடி வந்தா கேட் மூடிக்கிச்சு. நூத்துக்கணக்கான ஆம்பளைங்க பொம்பளைங்க குழந்தைங்க மதிலுக்கும் முற்றுகைக்கும் நடுவுல, அந்த சுண்ணாம்புச் சரிவுல, குளிர்காலம் முழுக்க. ஒரு பக்கம் தன்னோட ராஜாவோட சிப்பாய், இன்னொரு பக்கம் எதிரி ராஜாவோட சிப்பாய், ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

பிலிப்கூடவே இருந்த கியோம் லெ ப்ரெத்தோன்னு ஒரு பாதிரியார் இதை விவரமா எழுதி வெச்சிருக்காரு. புல்லைத் தின்னாங்க, கோட்டையிலேர்ந்து துரத்தி விட்ட நாய்ங்களைத் தின்னாங்க, அது தீந்ததும் தோலைத் தின்னாங்க, இதை விட மோசமானதையும் எழுதியிருக்காரு. 1204 பிப்ரவரி வாக்குல பிலிப் திரும்பி வந்தப்ப அந்த ஜனங்க போட்ட கூச்சலைக் கேட்டு, அவங்களை விட்டுடுங்க, சாப்பாடு குடுங்கன்னு சொன்னாராம். வெளிய வந்தவங்கள்ல ஒருத்தன் கையில ஒரு நாய்த்தொடை, அதைத் தூக்கிப் போடுன்னு சொன்னாங்களாம், வயிறு நிறைய ரொட்டி தின்ன பிறகுதான் போடுவேன்னு அவன் விடவே இல்லையாம். பாதிப் பேருக்கு மேல அதுக்குள்ள செத்துட்டாங்க, மிச்சம் இருந்தவங்கள்லயும் பல பேரு காஞ்ச வயித்துல திடீர்னு சாப்பாடு போய் செத்தாங்க. பாதிரியார் இதை ராஜாவோட கருணைக்கு உதாரணமாத்தான் எழுதுறாரு. அவரு ராஜாவோட ஆளு, அவரு எழுதுற பாட்டுக்கு நாயகன் ராஜா. ஆனா அவரே குடுத்த தகவலை வரிசையா வெச்சுப் பாத்தா, அந்த ஜனங்களை அங்க மாட்ட வெச்ச உத்தரவும் அதே ராஜாவோடதுதான், கேட்டை மூடினது அவங்க நம்பி வந்த தளபதி. ரெண்டு பேருமே போர் முறைப்படி சரியாத்தான் பண்ணாங்கன்னு எழுதுற புஸ்தகங்க உண்டு, எனக்கு அது ஒத்துக்கவே முடியல. சரிவுல கிடந்த அந்த ஜனங்கள்ல ஒருத்தரோட பேரும் எங்கயும் எழுதி வெக்கல.

அப்புறம் நேரடித் தாக்குதல். இதைத்தான் நீங்க கல்லுலயே படிக்கலாம். முதல்ல அந்த முக்கோணத்தோட முனை டவர். அகழியை முழுசா நிரப்பப் பொறுமை இல்லாம ஏணி போட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் ஏணி எட்டாததால கத்தியையும் கட்டாரியையும் சுண்ணாம்புல குத்திக் குத்தி ஏறிப் போய், டவரோட அடியைக் குடைஞ்சாங்க. குடையுற இடத்துக்கு மரத்தால முட்டு குடுத்து, கடைசியில அந்த மரத்துக்குத் தீ வெச்சா மேல இருக்குற சுவர் தானா உக்காந்துடும். உக்காந்துச்சு. உள்ள இருந்தவங்க வெளிக்கோட்டைக்குத் தாங்களே தீ வெச்சுட்டு நடு முற்றத்துக்குப் பின்வாங்கினாங்க.

நடு முற்றம் விழுந்த கதைதான் எல்லாருக்கும் தெரிஞ்சது, கழிவறை ஓட்டை வழியா பிரெஞ்சு சிப்பாய் ஏறினான்னு சொல்வாங்க. அந்தப் பாதிரியாரோட எழுத்துல இருக்குறது ஜன்னல். ராஜா ஜான் புதுசா மதிலை ஒட்டி ஒரு கட்டடம் கட்டியிருந்தாரு, மேல சேப்பல், கீழ ஸ்டோர் ரூம், அதுல வெளிப்பக்கம் பாத்து ஒரு ஜன்னல். பொஜிஸ்னு ஒருத்தன் கூட்டாளியோட தோள் மேல ஏறி அந்த ஜன்னலைப் பிடிச்சு உள்ள போய், கயிறு விட்டு மத்தவங்களையும் தூக்கினான். சத்தம் கேட்டு உள்ள இருந்தவங்க கட்டடத்துக்கே தீ வெச்சாங்க, புகை அவங்களையே மூச்சு முட்ட வெச்சு உள்மதிலுக்கு விரட்டிடுச்சு, பொஜிஸ் கூட்டம் உயிரோட வெளிய வந்து பாலத்தை இறக்கிடுச்சு. ரிச்சர்ட் போட்ட பிளான்ல அந்த ஜன்னல் கிடையாது. பின்னாடி வந்தவரு வசதிக்குக் கட்டின ஒரு ரூம் மொத்த மதிலையும் வீணாக்கிடுச்சு.

கடைசித் தப்பு மட்டும் ரிச்சர்டோடது. உள்மதில் கேட்டுக்கு முன்னாடி போய் குனிஞ்சு அகழியைப் பாருங்க. கேட்டுக்குப் போற பாலம் தூக்குற பாலம் இல்ல, அகழி வெட்டும்போது அந்த இடத்துல மட்டும் பாறையை வெட்டாம விட்டிருக்காங்க, அசையாத கல்பாலம். சிப்பாய்ங்க கேட்டுக்கு நடந்து போக சவுகரியம், ஆனா அதே பாறை எதிரிக்கு மேலேர்ந்து வர்ற அம்புக்குக் கூரையாயிடுச்சு. அதுக்கு அடியில நின்னு நிதானமா சுவரோட அடியைக் குடைஞ்சாங்க. உள்ள இருந்தவங்க பதிலுக்கு அவங்க பக்கத்துலேர்ந்து சுரங்கம் தோண்டி விரட்டினாங்க, விரட்டியும் விட்டாங்க, ஆனா ரெண்டு பக்கமும் தோண்டின சுவர் என்ன ஆகும், பெரிய கவண் ஒண்ணைக் கொண்டு வந்து அடிச்சதும் பொத்துக்கிச்சு. 1204 மார்ச் 6ஆம் தேதி முடிஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது இருநூறு பேருக்கும் கம்மி. டவருக்குள்ள போய் கதவைச் சாத்திக்கக் கூட நேரம் கிடைக்கல, வெளியிலயே பிடிச்சுட்டாங்க. எல்லாரும் போட்டோ எடுக்குற டவர் சண்டைக்கு உதவாத இடம்னு மேல சொன்னது இதனாலதான். நாலு மாசத்துக்குள்ள, ஜூன் 24, ரூவானும் சரணடைஞ்சுது, நார்மண்டி இங்கிலாந்து ராஜாக்கள் கையை விட்டுப் போச்சு.

அதுக்கப்புறம் கோட்டை ரிப்பேர் ஆகி ரொம்ப நாள் பிரெஞ்சு ராஜாக்களுக்கு உதவுச்சு. 1314ல கள்ளத்தொடர்புக் குற்றச்சாட்டுல மார்கரித்னு ஒரு இளவரசியை இங்க அடைச்சாங்க, உள்ள இருக்கும்போதே அவங்க புருஷன் ராஜா ஆயிட்டாரு, அவங்க மட்டும் 1315ல இங்கயே செத்தாங்க. ஸ்காட்லாந்தோட சின்னப் பையன் ராஜா டேவிட் 1334லேர்ந்து சில வருஷம் இங்க அடைக்கலமா இருந்தாரு. 1419ல இங்கிலீஷ்காரங்க முற்றுகையில மதில் உடையல, கிணத்துல தண்ணி இறைக்கிற கயிறு எல்லாம் தேஞ்சு அறுந்து போச்சு, வேற கயிறு இல்ல, சரணடைஞ்சாங்க. இப்ப நாம பாக்குற இடிபாடு இந்தச் சண்டைங்களால மட்டும் வந்ததும் இல்ல. கலகக்காரங்களும் கொள்ளைக் கூட்டமும் உள்ள போய் உக்காந்துக்கும்னு நார்மண்டிக்காரங்களே கேட்டுக்கிட்டதால நாலாம் ஹென்றி ராஜா 1599ல இடிக்க உத்தரவு போட்டாரு. கல்லை எல்லாம் பக்கத்துல இருந்த துறவிகள் மடங்க எடுத்துக்கிச்சு. 1862ல தேசிய சின்னமா அறிவிச்சாங்க, அதனால மிச்சம் நிக்குது.

போறவங்களுக்கு சில விஷயம். லெஸ் ஆந்தெலிக்கு ட்ரெயின் கிடையாது, பாரிஸ் சென்-லஸார் ஸ்டேஷன்லேர்ந்து ரூவான் லைன்ல காயோன்-ஒபெவ்வாவுல இறங்கி அங்கேர்ந்து டாக்ஸியோ பஸ்ஸோ பாத்துக்கணும், பாரிஸ்ல சொந்தக்காரங்க வீட்டுக்கு வர்ற நம்ம ஜனங்க யாராவது கார் வெச்சிருந்தா அதுதான் சுலபம். வெளிக்கோட்டை, அகழி, சரிவு எல்லாம் எப்பவும் சும்மாவே சுத்திப் பாக்கலாம், டவர் இருக்குற உள்முற்றத்துக்கு மட்டும் டிக்கெட், குளிர்காலத்துல அது மூடியிருக்கும், போறதுக்கு முன்னாடி பாத்துட்டுப் போங்க. மழை பெஞ்சா சுண்ணாம்பு மண்ணு சோப்பு மாதிரி வழுக்கும், நல்ல பிடிப்பு இருக்குற ஷூ போட்டுக்கங்க, வயசானவங்களை மேல் பார்க்கிங் வரைக்கும் கூட்டிட்டுப் போனா அங்க உக்காந்தே முழுக் கோட்டையும் பாக்கலாம். கீழ இறங்கும்போது ரோட்டு வழியா சுத்தாம ஊருக்குப் போற ஒத்தையடிப் பாதையில இறங்குங்க, வழியில மதிலைத் திரும்பிப் பாத்தீங்கன்னா அந்த ஜனங்க குளிர்காலத்தைக் கழிச்ச சரிவு இதுதான், பெருசா ஒரு போர்டு இருக்கும்னு தேடாதீங்க. ஊருக்குள்ள கோட்டை கட்டின காலத்தை ஒட்டியே கட்டின சென் சோவெர்னு ஒரு சின்ன சர்ச் இருக்கு, அதையும் எட்டிப் பாத்துட்டு வாங்க, மேல ஓடின ஜனங்களோட ஊரு அந்த சர்ச்சைச் சுத்தித்தான் இருந்துச்சு.